ஆறாம் எதிரி

ஜனவரி 5, திங்கள்

என் பழைய டைரிகள் இருபத்தேழையும் போலீஸ் எடுத்துப்போய்விட்டது. கோமதி பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த கோடு போட்ட நோட்டில் இதைத் தொடங்குகிறேன். வக்கீல் தவமணி மேடம் சொன்னதால்தான். "விசாரணை ஆரம்பிச்சா ஒரு வாய்தாவுக்கும் அடுத்த வாய்தாவுக்கும் நடுவுல எல்லாம் மறந்துபோகும் சார். அன்னன்னைக்கு எழுதி வைங்க."

பெயர் சங்கரபாண்டியன். வயது ஐம்பத்தைந்து. தொழில் பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர் வரிசையில் கடை. மனைவி கோமதி சத்துணவு அமைப்பாளர். மகள் சுடர்கொடி கோயம்புத்தூரில் வேலை.

வழக்கில் மொத்தம் ஏழு பேர். நீதிமன்றத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவனை எதிரி என்றுதான் எழுதுவார்கள். முதல் எதிரி பூபதிராஜா, மனை போட்டு விற்பவர். இரண்டு முதல் ஐந்து வரை அவருடைய ஆட்கள். ஆறாம் எதிரி நான். ஏழாம் எதிரி இன்னாசிமுத்து. பதிவு ஆபீஸ் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். சாட்சி இல்லாமல் வருகிறவர்களுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுவார். எழுத்துக் கூட்டிப் படிக்கவே சிரமப்படுவார். கையெழுத்து மட்டும் அழகாக இருக்கும்.

புறவழிச்சாலை வரப்போகிற இடத்தில் நிலம் வைத்திருந்தவர்களை மிரட்டி எழுதி வாங்கினோம், அதற்காக ஏழு பேரும் கூட்டுச்சதி செய்தோம், திட்டமிட்ட குற்றக் கும்பலாக இயங்கினோம் என்பது குற்றச்சாட்டு. மொத்தம் பதினோரு பத்திரங்கள். பதினொன்றும் என் கடையில் எழுதியவை.

எழுதுவது என் தொழில்.

ஜனவரி 7, புதன்

காலை பத்து மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து. ஜாமீன் நிபந்தனை. ஆறு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தவனுக்கு இது ஒன்றும் பெரிதில்லை. ரைட்டர் நோட்டைத் தள்ளிவிட்டு, "சார், கையெழுத்து மட்டும் போட்டாப் போதும். தேதி, நேரம், ஊரெல்லாம் எழுத வேண்டாம்" என்றார். பழக்கத்தில் எழுதிவிடுகிறேன்.

ஜனவரி 9, வெள்ளி

தவமணி மேடத்தின் அலுவலகம் எண்ணெய்க் கடைக்கு மேலே மாடியில். கேஸ் கட்டெல்லாம் கடலை எண்ணெய் வாசனை.

சதி வழக்கு என்றால் என்ன என்று விளக்கினார். "மத்த கேஸுல அவனவன் செஞ்சது அவனவனுக்கு. சதின்னு வந்துட்டா ஒருத்தன் செஞ்சது எல்லார் மேலயும் ஒட்டும். அதனால நம்ம வேலை ஒண்ணுதான். அந்தக் கூட்டத்துல நீங்க இல்லன்னு காட்டணும். வந்தவங்க சொன்னத எழுதிக் குடுத்தீங்க. கம்ப்யூட்டர் மேல யாராவது கேஸ் போடுவாங்களா?"

இந்த வாதம் எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு கேட்டார். "ஏழாவது பத்திரம். இருளாயி. இருபத்திரண்டு சென்ட். அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

"கார்ல கூட்டிட்டு வந்தாங்க. எழுதினேன். அந்தம்மா தண்ணி கேட்டாங்க, குடுத்தேன்."

"வேற?"

"வேற ஒண்ணும் ஞாபகமில்ல மேடம்."

பேனாவை மூடி வைத்தார். "ஞாபகமில்லங்கிறது நல்ல பதில்தான் சார். அது கோர்ட்டுல சொல்ற பதில். எங்கிட்ட சொல்ற பதில் இல்ல."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஜனவரி 12, திங்கள்

கையெழுத்து. கேஸ் சிலிண்டர் வந்தது.

ஜனவரி 28, புதன்

மாவட்ட நீதிமன்றம். குற்றச்சாட்டுகளைப் படித்துக் காட்டினார்கள். நீதிபதி ஒவ்வொருவரையும் கேட்டார், குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று. நான் இல்லை என்றேன். இன்னாசி, "எதங்கய்யா?" என்று கேட்டார். யாரோ சிரித்தார்கள். நீதிபதி பொறுமையாகத் திரும்பச் சொன்னார். "நான் கையெழுத்துத்தான் போட்டேங்கய்யா" என்றார் இன்னாசி. அதை "மறுத்தார்" என்று பதிந்துகொண்டார்கள்.

பூபதியைச் சிறையிலிருந்து கூட்டி வந்திருந்தார்கள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கடந்து போகும்போது, "எழுத்தரே, வீட்ல எல்லாரும் சுகமா?" என்று கேட்டார். எழுந்து நின்று, சுகம் என்றேன்.

கோமதி பக்கத்தில் இருந்தாள். அவர் போன பிறகு, "எதுக்கு எந்திரிச்சீங்க?" என்றாள். என் கடை அவருடைய கட்டடத்தில் இருக்கிறது. பன்னிரண்டு வருடமாக அவர் வந்தால் எழுந்து நிற்கிறேன். அது காலுக்குப் பழகிவிட்டது.

பிப்ரவரி 8, ஞாயிறு

சுடர்கொடி போன் செய்தாள். கொஞ்ச நேரம் அவள் ஆபீஸ் கதை பேசினாள். அப்புறம், "அப்பா, ஒண்ணு கேக்கவா? அவங்க மிரட்டித்தான் எழுதி வாங்குறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?" என்றாள்.

"எழுதுறவனுக்கு என்னம்மா தெரியும்" என்றேன்.

"சரிப்பா" என்றாள். அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள். கோமதி அடுப்படியில் வைத்துப் பேசியது எனக்குக் கேட்டது. "எங்க வீட்டுக்காரரு எழுதுறவரு, அவ்வளவுதான்னு நான் ஸ்கூல்லயே எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்டி. டீச்சர்மார்களுக்கும் தெரியும். நீ உங்க ஆபீஸ்ல தைரியமாச் சொல்லு."

பிப்ரவரி 17, செவ்வாய்

மூன்றாவது பத்திரத்தின் சொந்தக்காரர் சாட்சி சொன்னார். ஓய்வு பெற்ற கண்டக்டர். போலீசில் அழுதுகொண்டே புகார் கொடுத்த மனிதர், இன்று கூண்டில் ஏறி, "நான் விரும்பித்தான் எழுதிக் குடுத்தேன், யாரும் மிரட்டலை" என்றார். பிறழ்சாட்சி என்று அறிவித்தார்கள். தலைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தும் அவருக்குச் சட்டை நனைந்திருந்தது.

மேடம் குறித்துக்கொண்டே, "நமக்கு நல்லது" என்றார். இரண்டாவது, ஐந்தாவது பத்திரக்காரர்களும் இப்படித்தான் சொல்வார்கள் என்று பேச்சு. இருளாயி எப்படிச் சொல்வாள் என்று யாருக்கும் தெரியவில்லை. பூபதி தரப்பில் பார்க்கப் போனவர்களை, சாணி வாளியோடு விரட்டினாளாம்.

மார்ச் 11, புதன்

இன்று இருளாயி சாட்சி. முழுவதும் எழுதி வைக்கிறேன்.

வயது ஐம்பதுக்குள் இருக்கும். இரண்டு மாடு வைத்து பால் சொசைட்டிக்கு ஊற்றுகிறவள். புருஷன் இல்லை. அரசு வக்கீல் கேட்கக் கேட்க, சந்தையில் பேசுகிற குரலில் பதில் சொன்னாள். நிலத்தைக் கேட்டு வந்தார்கள், தரமாட்டேன் என்றாள். ஒருநாள் சாயங்காலம் பால் ஊற்றிவிட்டு வந்து பார்த்தால் தொழுவத்தில் மாடு இரண்டும் இல்லை. கன்றுக்குட்டியை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"கையெழுத்துப் போட்டா மாடு தானா வீட்டுக்கு வரும்னாங்க. கன்னுக்குட்டி ரெண்டு நாளா கத்துச்சுய்யா. தொண்டை கட்டிப்போயி சத்தம் வராம வாயத் தொறந்து தொறந்து மூடுச்சு. மூணாம் நாளு காரு வந்துச்சு. ஏறிட்டேன்."

"பத்திரம் எழுதுற கடையில யார்கிட்டயாவது இதச் சொன்னீங்களா?"

"சொன்னேன். எழுதாதீங்கய்யா, என் மாட்டப் புடிச்சு வச்சுக்கிட்டு எழுதச் சொல்றாங்கன்னு ஒரு ஆளுட்ட சொன்னேன்."

"யாரு?"

"மொகம் பாக்கலய்யா. தலையக் கவுந்துக்கிட்டு அழுதுக்கிட்டிருந்தேன்."

"அவர் என்ன சொன்னாரு?"

"எங்கிட்ட சொல்லாதம்மா, பதிவு ஆபீசர் சம்மதமான்னு கேப்பாரு, ஆமான்னு மட்டும் சொல்லு, மாடு வந்துரும்னாரு."

"மாடு வந்துச்சா?"

"ஒண்ணு வந்துச்சு."

அடுத்து மேடம் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். என்னைக் காட்டி, "இவரத் தெரியுதாம்மா?" என்றார்.

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். "தெரியும். தண்ணி குடுத்தவரு. செம்பக் கழுவிட்டு, புதுசாப் புடிச்சுக் குடுத்தாரு." கையெடுத்துக் கும்பிட்டாள். எதிரிகள் கூண்டில் நின்றிருந்த எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நானும் கும்பிட்டேன்.

"ஆமான்னு சொல்லச் சொன்ன ஆளு இவரா?"

"இவரில்லம்மா. இவரு தண்ணி குடுத்தவராச்சே."

"கார்ல வந்தவங்க எங்க இருந்தாங்க?"

"வாசல்ல."

"அப்ப கடைக்குள்ள வேற யாரு?"

"சாட்சிக் கையெழுத்துப் போட்ட பெரியவரு வந்தாரு."

"அப்படின்னா அத உங்ககிட்ட சொன்னது அந்தப் பெரியவராத்தான் இருக்கணும். சரிதானே?"

இருளாயி இன்னாசியைப் பார்த்தாள். யோசித்தாள். "அவராத்தான் இருக்கணும்" என்றாள்.

இன்னாசி வாயைத் திறந்தார். "உங்க வக்கீல் கேப்பாரு" என்று நீதிபதி நிறுத்தினார். இன்னாசிக்கு இலவச சட்ட உதவியில் கொடுத்த வக்கீல் இன்று வேறு கோர்ட்டில் இருந்தார். அவருக்குப் பதிலாக வந்தவர், நீங்கள் சொல்வது பொய் என்று ஒரே கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்ததும் மேடம் இரண்டு வடை சாப்பிட்டார். "பாதி விடுதலை இன்னைக்கே வந்தாச்சு சார்" என்றார். கோமதி வழியெல்லாம் தண்ணீர் கொடுத்ததைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். "பாருங்க, ஒரு செம்புத் தண்ணி."

மார்ச் 13, வெள்ளி

பேருந்து நிறுத்தத்தில் இன்னாசியைப் பார்த்தேன். ஒதுங்கிப் போய்விடலாம் என்று நினைத்தேன், அவர் பார்த்துவிட்டார்.

"அந்தம்மா நான்தான்னு சொல்லுது சார்" என்றார். கோபம் இல்லை. "நானாத்தான் இருக்கும். எத்தனையோ பேருட்ட சொல்லியிருக்கேன், பயப்படாத, கேட்டா ஆமான்னு சொல்லுன்னு. கல்யாணம் பதிய வர்ற புள்ளைகள்ட்டகூடச் சொல்லுவேன். யாருட்ட எப்பச் சொன்னேன்னு எங்க ஞாபகம் இருக்கு. உங்களுக்கு ஞாபகம் இருக்கா சார்? அன்னைக்கு நான் உள்ளயா இருந்தேன்?"

"பஸ் வந்துருச்சு, ஏறுங்க" என்றேன்.

வந்தது அவருடைய பஸ் இல்லை.

மார்ச் 14, சனி

கையெழுத்து.

மார்ச் 16, திங்கள்

பதிவான பத்திரத்தில் தவறு இருந்தால் அதை அடித்துத் திருத்த முடியாது. தனியாகப் பிழைத்திருத்தல் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். அதுபோல இது.

ஜனவரி ஒன்பதாம் தேதி, வேறொன்றும் ஞாபகமில்லை என்று எழுதியிருக்கிறேன். ஞாபகம் இருக்கிறது.

இன்னாசி அப்போது கடையில் இல்லை. ஆதார் நகல் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தார். உள்ளே நானும் இருளாயியும் மட்டும். சொத்து விவரம் முழுவதும் டைப் செய்துவிட்டேன். எழுதிக் கொடுப்பவர் பெயரை அடிக்க வேண்டிய இடத்தில் நிற்கிறேன். அப்போதுதான் அவள் சொன்னாள், எழுதாதீங்கய்யா என்று. நான் வாசலைப் பார்த்தேன். பூபதியின் ஆள் ஒருவன் கார் கதவில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பி அவளிடம் அந்த வார்த்தைகளைச் சொன்னேன். புதன்கிழமை கூண்டில் அவள் சொன்னது எழுத்துப் பிசகாமல் நான் சொன்னதுதான். சொல்லிவிட்டு அவள் பெயரை டைப் செய்தேன். தண்ணீர் கொடுத்தது அதற்குப் பிறகு.

மாடு வந்துவிடும் என்று நான் நம்பினேன். இதையும் யோசித்துப் பார்த்தேன். நம்பவில்லை. அவள் பேச்சை நிறுத்த வேண்டும் என்று இருந்தது.

ஆறாவது பத்திரம் வரை எனக்குத் தெரியாது என்று எழுத நினைத்தேன். நான்காவது பத்திரத்தின்போது எழுதிக் கொடுக்க வந்தவரின் உதடு கிழிந்திருந்தது. எங்கேயோ விழுந்துவிட்டேன் என்றார். நான் கேட்காமலே சொன்னார்.

மார்ச் 22, ஞாயிறு

கோமதி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு, நடந்ததைச் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. முடித்த பிறகு நிறுத்தினாள்.

"அந்தம்மா உங்களப் பாத்து கும்பிட்டுச்சு."

"ஆமா."

"நீங்களும் திருப்பிக் கும்பிட்டீங்க."

கையிலிருந்த கொத்தைக் கீழே வைத்தேன்.

"எழுதுறவரு, அவ்வளவுதான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே. அப்பவாவது எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல. நான் வாய மூடிக்கிட்டாவது இருந்திருப்பேன்."

கீரையைக் கழுவ எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 24, செவ்வாய்

கோமதி பேசவில்லை. சாப்பாடு வைக்கிறாள்.

மார்ச் 25, புதன்

காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள். "சொல்லப் போறீங்கன்னா எந்தத் தேதின்னு முன்னாடியே சொல்லுங்க. நான் லீவு போடணும். அன்னைக்கு கோர்ட்டுல நான் இருக்கணும்."

"சொல்லப் போறேன்னு நான் சொல்லலையே."

"பின்ன எதுக்கு எங்கிட்ட சொன்னீங்க?"

மார்ச் 27, வெள்ளி

தவமணி மேடத்திடம் சொன்னேன். ஆச்சரியப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "எனக்கு ஜனவரியிலயே தோணுச்சு சார்" என்றார். "நான் திருப்பிக் கேக்கல. நீங்க எங்கிட்ட ஒத்துக்கிட்டிருந்தா, அந்தம்மாகிட்ட அந்தக் கேள்விய நான் கேட்டிருக்க முடியாது. உண்மைன்னு தெரிஞ்சதுக்கு மாறா ஒரு சாட்சியத் திருப்பிவிடக் கூடாது. தெரியாத வரைக்கும் கேக்கலாம். அதனால தெரிஞ்சுக்காம இருந்தேன்."

நாங்கள் இரண்டு பேரும் ஒரே மாதிரித்தான் செய்திருக்கிறோம் என்று எனக்குத் தோன்றியது. அவருக்கும் தோன்றியிருக்கலாம். மேஜை மேல் இருந்த பேப்பர் வெயிட்டை நகர்த்தி நகர்த்தி வைத்தார்.

பிறகு வக்கீலாகப் பேசினார். "அடுத்த மாசம் நீதிபதி உங்களை நேராக் கேள்வி கேப்பாரு. சாட்சியெல்லாம் உங்களுக்கு எதிரா இப்படிச் சொல்லியிருக்கு, நீங்க என்ன சொல்றீங்கன்னு. அது சத்தியம் பண்ணிச் சொல்றது இல்ல. ஆனா சொன்னது பதிவாகும். வாயத் திறக்காம இருக்க உங்களுக்கு உரிமை இருக்கு. திறந்தீங்கன்னா இன்னாசி வெளிய போவாரு, நீங்க உள்ள போவீங்க. அந்தம்மா சொன்ன மாட்டுக் கதைக்கு ஒரு துணை கிடைக்கும். பூபதி ஆளுங்க சும்மா இருக்க மாட்டாங்க. யோசிச்சுக்கிட்டீங்களா?"

"யோசிக்கிறேன்."

"இன்னொரு வக்கீல வச்சுக்கிறதுன்னாலும் எனக்கு வருத்தமில்ல."

வேண்டாம் என்றேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

சுடர்கொடிக்கு நானே போன் செய்து, "தெரியும்" என்றேன். அவள் எதைப் பற்றி என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் அழுதாள். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் போடுகிறேன் என்றாள். இன்றே வெள்ளிக்கிழமைதான் என்றேன். அப்போ இன்றைக்கே என்றாள்.

ஏப்ரல் 8, புதன்

நீதிபதியின் கேள்விகள் அறுபத்திரண்டு. அச்சடித்த தாளில் இருந்து படித்தார். இது சரியா, அது உண்மையா என்று. எல்லாவற்றுக்கும் "பொய்" அல்லது "தெரியாது" என்பது வழக்கம். முதல் நாற்பதுக்குத் தெரிந்ததை உள்ளபடி சொன்னேன், தெரியாததற்குத் தெரியாது என்றேன். கார் யாருடையது தெரியாது. மாட்டை யார் பிடித்தது தெரியாது.

நாற்பத்தொன்றாவது கேள்வி. "பத்திரம் எழுதும் இடத்தில் தன்னிடம் ஆமாம் என்று மட்டும் சொல்லும்படி ஒருவர் கூறியதாகச் சாட்சி இருளாயி சொல்லியிருக்கிறார். அவர் ஏழாம் எதிரியாக இருக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார். என்ன சொல்றீங்க?"

"அத சொன்னது நான்தான் ஐயா. இன்னாசிமுத்து அப்ப கடையில இல்ல."

பூபதியின் வக்கீல் ஆட்சேபித்து எழுந்தார். நீதிபதி கையமர்த்தினார். தட்டச்சரிடம் திரும்பி என் வார்த்தைகளை மெதுவாகச் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். அடுத்த கேள்வி தாளில் இல்லை.

"அந்தம்மா மாட்டைப் பத்தியும் உங்ககிட்ட சொன்னாங்களா?"

"சொன்னாங்க ஐயா."

"அதுக்கப்புறம் இவங்களுக்கு எத்தனை பத்திரம் எழுதினீங்க?"

"நாலு."

"ஏன்?"

நான் நின்றேன். பயம் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யில்லை. கடை அவருடைய கட்டடம் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பொய்யில்லை. இரண்டும் அந்த நாலுக்குப் போதுமானதாகத் தெரியவில்லை.

"பதில் இல்லை" என்று நீதிபதி பதியச் சொன்னார்.

கோமதியும் சுடரும் கடைசி பெஞ்சில் இருந்தார்கள். இன்னாசிக்கு என்ன நடந்தது என்று உடனே விளங்கவில்லை. வெளியே வந்ததும் அவருடைய வக்கீல் காதில் சொன்னார். என்னிடம் வந்து, "அப்ப நான் சொல்லலையா சார்?" என்று கேட்டார். "நீங்க சொல்லல. நீங்க ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தீங்க." "அதான பாத்தேன்" என்றார். வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார்.

பூபதி போகும்போது என்னை ஒன்றும் கேட்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

கடையில் பூட்டை மாற்றியிருக்கிறார்கள். என் மேஜையும் நாற்காலியும் நடைபாதையில் கிடந்தன. கம்ப்யூட்டர் போலீசிடம் இருப்பதால் அது தப்பித்தது.

ஏப்ரல் 11, சனி

வீட்டெதிரில் ஒரு கார் அரை மணி நேரம் நின்றது. யாரும் இறங்கவில்லை. கோமதி தண்ணீர் தெளிக்கிற வாளியோடு வாசலில் போய் நின்றுகொண்டாள். வண்டி எண்ணை உரக்கப் படித்தாள், இரண்டு தரம். சுடர் உள்ளேயிருந்து எழுதிக்கொண்டாள். கார் போனது. மேடம் அந்த எண்ணைக் குறிப்பிட்டுக் கோர்ட்டில் மனுக் கொடுத்துவிட்டார்.

மே 19, செவ்வாய்

கையெழுத்து. வெயில். காவல் நிலைய ரைட்டர் இன்று நாற்காலி போட்டார்.

ஜூன் 3, புதன்

இறுதி வாதம். மேடம் எனக்காக இரண்டு மணி நேரம் பேசினார். "தெரிந்திருப்பது வேறு, சேர்ந்திருப்பது வேறு. என் கட்சிக்காரர் தெரிந்திருந்தார். அது மனசாட்சிக்குக் குற்றம். ஆனால் உடன்பாடு இல்லாமல் சதி இல்லை." நன்றாகப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கே அது சரி என்று பட்டது. வீட்டுக்கு வந்த பிறகு அப்படிப் படவில்லை.

ஜூன் 23, செவ்வாய்

நாளைக்குத் தீர்ப்பு. இரண்டு வேட்டி, சட்டை, பல்பொடி, மூக்குக் கண்ணாடிக்கு மாற்று. கோமதி ஒரு பையில் வைத்துவிட்டு, "எடுத்துட்டுப் போவோம். தேவையில்லன்னா திருப்பிக் கொண்டு வந்துருவோம்" என்றாள். மின்கட்டணம் கட்டியாகிவிட்டது. சுடரின் அறையில் ஒழுகுகிற இடத்தை யாரிடம் சொல்லிப் பார்ப்பது என்று கோமதியிடம் சொல்லிவைத்தேன்.

ஜூன் 28, ஞாயிறு. மத்திய சிறை

நோட்டைக் கொடுக்க நாலு நாள் ஆகிவிட்டது. உள்ளதை வரிசையாக எழுதுகிறேன்.

பூபதிக்குப் பத்து வருடம். அவருடைய ஆட்கள் நாலு பேருக்கும் ஏழு வருடம். இன்னாசிமுத்து விடுதலை. என்மேல் இருந்த திட்டமிட்ட குற்றம் என்ற பிரிவு நிற்கவில்லை. கூட்டுச்சதியும், மிரட்டிப் பறித்ததற்கு உடந்தையாக இருந்ததும் நிரூபணம். நாலு வருடம். தீர்ப்பில் என்னைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. அதில் ஒரு வரி மனப்பாடமாகிவிட்டது. "ஆறாம் எதிரி இந்த நீதிமன்றத்தில் உண்மையைச் சொன்னார் என்பது கருத்தில் கொள்ளப்படுகிறது; ஆனால் அவர் தண்டிக்கப்படுவது ஏழாவது பத்திரத்தை எழுதியதற்காக மட்டுமல்ல, எட்டாவது பத்திரத்தை எழுதியதற்காகவும்தான்." மேடம் மதுரை ஹைகோர்ட்டில் அப்பீல் போடுகிறார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அப்பீலில் அந்த வரியை எப்படி எதிர்கொள்வது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தீர்ப்புக்குப் பிறகு வாரண்டு எழுதி முடியும் வரை வராந்தாவில் உட்கார வைத்தார்கள். கோமதி ஒரு பக்கம், சுடர் ஒரு பக்கம். போலீஸ்காரர் கொஞ்சம் தள்ளி நின்றார். அப்போது இருளாயி வந்தாள். தீர்ப்பைக் கேட்கத் தனியாக வந்திருந்தாள். எனக்கு முன்னால் வந்து நின்று, குனிந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்கதானாய்யா அது?"

"ஆமா."

"அந்த நாள்ல நல்லதுன்னு எனக்கு அந்தத் தண்ணி ஒண்ணுதான்யா இருந்துச்சு. அதும் போச்சு."

கோமதி எழுந்து அவளுக்கு இடம் விட்டாள். அவள் உட்காரவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டாள்.

"பத்திரத்த ரத்து பண்ணச் சொல்லி சிவில் கோர்ட்டுல போட்டிருக்கேன். அங்கயும் வந்து இதச் சொல்லுவீங்களா?"

"கூப்பிட்டா சொல்லுவேன்."

"ஜெயில்ல இருந்தா விடுவாங்களா?"

"சம்மன் அனுப்பினா கூட்டிக்கிட்டு வருவாங்கம்மா."

"சத்தியம் பண்ணிச் சொல்லணுமாமே அங்க."

"பண்ணிச் சொல்றேன்."

"அப்ப அனுப்பச் சொல்றேன்" என்றாள். பால் கறக்க நேரமாகிவிட்டது என்று போலீஸ்காரரிடம் சொல்லிவிட்டு, படியிறங்கிப் போனாள்.